கோப்பையைத் தேய்க்கும் முன்

சேலத்தில் வெள்ளியைப் பளபளக்க வைப்பது பெரிய வேலை இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஏதாவது ஒரு கொலுசுப் பட்டறையில் கொடுத்தால் போதும், கரிக்கட்டையாகக் கிடந்த கோப்பையை டீ ஆறுவதற்குள் கண்ணாடியாக்கிக் கொடுத்துவிடுவார்கள். சிக்கலே அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. மெருகுச் சக்கரம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, கூடவே வெள்ளியையும் எடுக்கிறது. சக்கரத்தடியில் விழும் தூசியைப் பட்டறைக்காரர்கள் கூட்டிச் சேர்த்து உருக்குவது சும்மா இல்லை. பழைய விளையாட்டுக் கோப்பை என்றால் அந்தத் தூசியில் ஜெயித்தவர் பெயரும் கொஞ்சம் போயிருக்கும்.

ஏற்காட்டுத் தோட்ட பங்களாக்களிலும், மலைமேல் பள்ளிகளில் படித்தவர்களின் வீட்டுப் பரண்களிலும், சேலத்துப் பழைய சாமான் கடைகளிலும் இந்த மாதிரிப் பொருள்கள் இன்னும் தட்டுப்படுகின்றன. டென்னிஸ், பில்லியர்ட்ஸ் கோப்பைகள், கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டைகள், பள்ளி டீம் போட்டோக்கள், பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள், ஸ்போர்ட்ஸ்டார் போஸ்டர்கள். வாங்கியவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதைக் கொஞ்சம் சரி பண்ணலாமா?"

பண்ணலாம். ஆனால் பொருளின் மேல் இருக்கும் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு காலம் உண்டு. சில ஆட்டத்தில் விழுந்தவை, சில பரணில் ஏறியவை, சில போன மாதம் விற்பவர் கையில் உண்டானவை. பரணில் ஏறியதை இறக்குவதில் தப்பில்லை. ஆட்டத்தில் விழுந்ததைத் தொடக்கூடாது. போன மாதம் செய்ததை ஆட்டத்தில் விழுந்ததாகக் காட்டினால் அதற்குப் பழுது பார்த்தல் என்று பெயர் இல்லை, ஏமாற்று என்று பெயர். அருங்காட்சியகப் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: செய்த வேலை ஆறடி தள்ளி நின்றால் கண்ணில் படக்கூடாது, ஆறு அங்குலத்தில் பார்த்தால் தெரிந்தே ஆக வேண்டும். ஆறு அங்குலத்திலும் தெரியாதபடி செய்து தருகிறேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவரிடம் பொருளைக் கொடுக்காதீர்கள்.

முதலில் வெள்ளி. அடியிலோ விளிம்பிலோ நடக்கும் சிங்கம் முத்திரை இருந்தால் அது இங்கிலாந்தில் சோதித்த 92.5 வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம். கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு, அதுவும் 1974 வரை செய்தது. மெட்ராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) கடை மாதிரி இங்கே செய்தவற்றில் சிங்கம் இருக்காது. அன்றைய இந்தியாவில் முத்திரைச் சோதனைக் கூடம் கிடையாது, செய்தவர் பெயர் மட்டும்தான். சிங்கம் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் உடம்பு வெள்ளியே இல்லை; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின் மேல் வெள்ளி முலாம். அந்த முலாம் பெரும்பாலும் ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. சக்கரத்தில் நாலு முறை வைத்தால் கைப்பிடி வளைவிலும் விளிம்பிலும் அடி உலோகம் எட்டிப் பார்க்கும். பிறகு மறுபடி முலாம் போடச் சொல்வார்கள், வெட்டிய எழுத்துக்குள்ளும் புது முலாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டச், அதாவது வெள்ளியின் தரம், பார்க்கிற மெஷினில் வைத்துப் பார்ப்பதில் பொருளுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் போட்டதையும் நல்ல வெள்ளி என்று காட்டிவிடலாம். முத்திரையையும் எடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உரசிப் பார்க்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் எடை போட்டு ஸ்லிப் வாங்குங்கள், 0.1 கிராம் வரைக்கும். முடித்த பிறகு மறுபடி போடுங்கள். சேலத்தில் இதற்கு அலைய வேண்டியதே இல்லை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கோப்பையிலிருந்து எடுத்தது. வெறும் அழுக்கு என்றால் வித்தியாசம் கண்ணுக்கே படாது. ஒரு கிராம் இரண்டு கிராம் குறைந்தால் அங்கே தேய்ந்தது வெள்ளி.

சுத்தம் செய்வதை வீட்டிலேயே செய்யலாம். கோப்பைக்கு மரப் பீடம் இருந்தால் அடியில் உள்ள நட்டைக் கழற்றிப் பீடத்தைத் தனியே வையுங்கள், அதன் மேல் தண்ணீர் படக்கூடாது. பீடத்தில் ஆணி அடித்த சின்னத் தகடுகளை நெம்பி எடுக்க வேண்டாம், ஆணி துருப்பிடித்து மரத்துக்குள்ளேயே உடையும். கொலுசு அலசுகிற அதே பூந்திக்கொட்டைத் தண்ணீர் இங்கேயும் போதும்: நாலைந்து கொட்டையின் தோலை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, வடிகட்டி, நுரையைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். கோப்பையை அப்படியே முக்கக்கூடாது. கைப்பிடி பெரும்பாலும் உள்ளே வெறுமையாக இருக்கும், பற்றவைக்கும்போது காற்று போக விட்ட சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். அடிப்பாகம் கனமாக இருந்தால் உள்ளே அரக்கோ பிளாஸ்டரோ ஊற்றியிருப்பார்கள், அதற்கும் தண்ணீர் ஆகாது. கடைசித் துடைப்புக்கு வாலை வடித்த தண்ணீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். சேலத்து போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி விட்டுவிட்டுத்தான் போகும்.

இதற்கும் போகாத கறுப்பு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த படிவு. அதற்கு கால்சியம் கார்பனேட் நைஸ் பொடியை டிஸ்டில்டு வாட்டரில் மோர்ப் பதத்துக்குக் குழைத்து, பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடம் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு வந்ததும் இல்லை, அதற்கு முன்பே நிறுத்துங்கள். எழுத்துக் குழியில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் பெயரைப் படிக்க முடியும்.

விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் அது சரி. பெயர் வெட்டிய கோப்பைக்கு வேண்டாம். சாணச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது, அது வெள்ளியைவிடக் கெட்டி, கீறும். கடை விபூதியில் என்ன கலந்திருக்கிறது என்று பாக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பல்பொடியும் அப்படித்தான். அலுமினியத் தாளும் சோடா உப்பும் சுடுதண்ணீரும் போட்டு ஊற வைக்கும் வித்தையை வீடியோக்களில் எல்லாரும் காட்டுகிறார்கள். அதில் நடப்பது, கந்தகம் அலுமினியத்துக்கு மாறி வெள்ளி பழையபடி மேலே படிவது. வெள்ளி குறையாது என்பது உண்மைதான். ஆனால் பள்ளம் மேடு பார்க்காமல் கறுப்பெல்லாம் ஒரே அடியாகப் போய், கோப்பை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக நிற்கும். பாட்டிலில் விற்கும் முக்கியெடுக்கும் திரவங்களில் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும், அவை இன்னும் மோசம்.

நசுங்கல் எடுப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய கோப்பைகளில் எப்போதோ யாரோ ஈயப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள், சாம்பல் நிறத்தில் மெழுகு வழிந்த மாதிரி தெரியும். அதைக் கவனிக்காமல் ஊதுகுழாய்த் தீயைக் காட்டினால் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும். கொலுசில் கை தேர்ந்தவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் புது வெள்ளியில் ஈயம் வருவதில்லை. வெடிப்பு விடாத நசுங்கலை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பட்டறைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வீல்ல வைக்காதீங்க, நெருப்புக் காட்டாதீங்க, பேரு இருக்கற பக்கம் கையே வைக்க வேண்டாங்க. பளிச்சுனு இல்லைன்னாலும் பரவாயில்லை." கடைசி வாக்கியம்தான் முக்கியம். பளிச்சென்று இல்லாமல் கொடுத்தால் வாடிக்கையாளர் திட்டுவார் என்பதுதான் அவர்கள் பயம்.

தேய்ந்த பெயரை மறுபடி வெட்டித் தரலாமா? இது கூடவே கூடாத வேலை. மங்கிய கையெழுத்தின் மேல் பேனா ஓட்டுவதும் இதுவும் ஒன்று. பழைய எழுத்து கையால் சிற்றுளி வைத்து இழுத்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் 'வி' வடிவக் குழி, ஓரம் மழுங்கி, உள்ளே கறுப்பு. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்துக்குப் பேர் வெட்டும் மெஷின் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகும், லென்ஸில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த வரிசை. மறுபடி வெட்டிய எழுத்துக்குச் சுற்றி ஓரத்தில் சின்னப் பிசிறும் இருக்கும். ஒரு பெயரை அழித்து வேறு பெயர் வெட்டியிருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும், கட்டை விரலால் லேசாக அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும். இன்னொன்று, வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது, ஒட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்த ஓரமும் தேய்த்து அழித்த இடமும் ஒரு நொடி கோடாகத் தெரிந்து மறையும். ஏற்காட்டுக் குளிரில் இந்தச் சோதனை பிரமாதமாக வேலை செய்யும், சேலத்து ஏப்ரலில் ஊதி ஊதி வாய்தான் வலிக்கும்.

வருஷாவருஷம் கை மாறும் சுழற்கோப்பை விஷயம் வேறு. அது இன்னும் ஓய்வு பெறவில்லை. பரிசளிப்பு மேடையில் அது மின்ன வேண்டும், பெயர் சேர்ந்துகொண்டே போக வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் சக்கரத்தில் வைத்தால் முதல் வரிசைப் பெயர்கள் முதலில் போகும். அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் இந்த வருஷச் செயலாளர் இல்லை. பழைய கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு மேடைக்கு ஒரு நகல் செய்துகொள்வது அதிகச் செலவில்லாத வழி, அதுவும் வெள்ளிக்காரர்கள் ஊரில்.

மட்டைக்கு வருவோம். ஆடுகிற மட்டைக்கு லின்சீட் எண்ணெய் பூசச் சொல்வார்கள். பாதுகாக்கிற மட்டைக்கு அந்த எண்ணெயே எதிரி. மரத்துக்குள் போய் இறுகிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை, வருஷம் போகப் போக மஞ்சளாகிப் பழுப்பாகும், பால்பாயின்ட் கையெழுத்து இருந்தால் மை பரவும். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். மட்டை முகத்தில் இருக்கும் சிவப்புக் கறைகளும் தையல் தடங்களும்தான் அதன் ஜாதகம். எமரி தாள் வைத்துத் தேய்த்துப் 'புதுசு மாதிரி' ஆக்கியவர்கள் கையில் இருப்பது ஒரு வில்லோப் பலகை, அவ்வளவுதான்.

கைப்பிடி ஆடினால் ஒட்டலாம், ஆனால் ஃபெவிகாலும் எம்-சீலும் வேண்டாம். முன்பு தச்சர்கள் வைத்திருந்த வஜ்ஜிரம், அதாவது மாட்டுத் தோல் காய்ச்சிய பசைதான் இதற்குச் சரி. ஒரு பங்கு வஜ்ஜிரத்தை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். நாளைக்கே யாராவது பிரிக்க நினைத்தால் வெந்நீரும் பொறுமையும் இருந்தால் போதும், மரம் சேதமாகாமல் விட்டுக்கொடுக்கும். வஜ்ஜிரத்தின் பெருமையே அதுதான். நூல் சுற்று அறுந்திருந்தால் மெழுகு தடவிய லினன் நூலால் சுற்றலாம். எடுத்த பழைய நூலையும் ரப்பர் கிரிப்பையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு மட்டையோடு வையுங்கள்.

கைப்பிடிப் பிரம்பில் ஊசிமுனைத் துளையும் அடியில் மாவும் தெரிந்தால் வண்டு அரிக்கிறது. மருந்து அடிக்கத் தேவையில்லை. பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து இரட்டையாகச் சுற்றி, மைனஸ் 18 டிகிரியோ அதைவிடக் குளிரோ உள்ள டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். ஐஸ்கிரீம் கடை நண்பர் ஒருவர் இருந்தால் வேலை முடிந்தது. வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் மரத்தின் மேல் வியர்க்கும்.

பந்துக்கு ஷூ பாலிஷ் போடுபவர்கள் உண்டு. கிரிக்கெட் பந்துத் தோலைப் படிகாரத்தில் பதப்படுத்துவார்கள். ஈரத்துணி போட்டுத் துடைத்தால் படிகாரம் கரைந்து தோல் கட்டையாகும், பாலிஷ் போட்டால் தேய்ந்த பக்கமும் பளபளத்த பக்கமும் ஒன்றாகிவிடும். இரண்டும் வேண்டாம்.

காகிதத்தில் நடக்கும் அநியாயம் தனி. லேமினேஷன் செய்த டீம் போட்டோவைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. செல்லோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும். பைண்டிங் கடை மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது, ஆனால் அந்தச் செம்பு காகிதத்தையே நொறுங்க வைக்கும். கிழிசலுக்கு ஜப்பானியத் திசுக் காகிதமும், பசைப்புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் கஞ்சியும் போதும்: ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் அரை மணி நேரம் கிளறி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுப்பது. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு கோதுமை ஸ்டார்ச் தேடுவது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் கிழங்கு மாவுக் கஞ்சி நூல் மாதிரி இழுக்கும், மெல்லிய காகிதத்தில் சீராகப் பூச வராது.

புதுக் காகிதத்தை டிகாக்ஷனில் நனைத்துப் பழசாக்குவதும் நடக்கிறது. காப்பிக் கறை ஓரத்தில் அலைக்கோடு விடும், மடிப்பின் உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாக இருக்கும். உண்மையிலேயே பழுத்த காகிதம் பெரும்பாலும் வெளிச்சமும் காற்றும் பட்ட பக்கம்தான் அதிகமாகப் பழுத்திருக்கும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வையுங்கள். வெளுப்பூட்டி கலந்த காகிதம் அந்த ஒளியில் நீலமாக மின்னும். 1930களின் அட்டை என்று சொல்லி விற்பது அப்படி மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஓரம் வெட்டுவதுதான் அட்டைகளில் பெரிய பாவம். முனை மழுங்கிய அட்டையை அரை மில்லிமீட்டர் நறுக்கினால் முனை கூர்மையாகிவிடும், விலையும் ஏறும். அமெரிக்க பேஸ்பால் உலகில் மிகப் பிரபலமான, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை 1991-ல் ஏலத்தில் 4,51,000 டாலருக்குப் போனது, 2007-ல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. அதன் ஓரங்களை வெட்டியதாக, ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். ஏலத்தில் செய்த மோசடிகளுக்காகச் சிறைக்கும் போனார். நம் கையில் உள்ள சிகரெட் பாக்கெட்டோடு வந்த அட்டைக்கும் பபிள்கம் அட்டைக்கும் செய்ய வேண்டியது, அதே தொகுப்பின் இன்னொரு அட்டையோடு வைத்து அளப்பது. முகம் தேய்ந்திருக்கிறது, ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று கூராக இருக்கிறது என்றால் கத்தரி பட்டிருக்கிறது.

கையெழுத்தில் இன்னொரு தந்திரம், மேலே எழுதிய பெயரை அழிப்பது. 'அன்புள்ள இன்னாருக்கு' என்று இருந்தால் விலை குறைவு, வெறும் கையெழுத்துக்கு விலை அதிகம். ஸ்பிரிட் தொட்டு அந்தப் பெயரை எடுத்துவிடுவார்கள். புற ஊதா ஒளியில் மேகம் மாதிரி ஒரு திட்டு காட்டிக்கொடுக்கும். ஏதோ ஒரு பையனுக்காக நின்று ஒரு ஆட்டக்காரர் எழுதியது அது. எங்கள் கணக்கில் அந்தப் பெயர்தான் அந்தக் கையெழுத்து உண்மை என்பதற்கு நல்ல சாட்சி.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஜெர்சி. நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒரு நாள் ஆட்டத்திலும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். அந்தக் காலத்து ஜெர்சிகள் இனி 50 வருஷம் கழித்துச் சேலத்தில் யார் வீட்டிலாவது இருக்கும் என்று வையுங்கள். துவைக்கலாமா? துவைத்தால் புல் கறையும் மண்ணும் போகும். துவைக்காவிட்டால் வியர்வை உப்பு துணியை அரிக்கும், பூச்சியைக் கூப்பிடும். சேகரிப்பவர்கள் துவைக்காதே என்பார்கள், துணிப் பாதுகாப்புத் தெரிந்தவர்கள் பல நேரம் துவை என்பார்கள். நாங்கள் நடுவில் நிற்கிறோம்: கறையை நெருக்கத்தில் படம் எடுத்துவிட்டு, அக்குளும் கழுத்தும் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் ஒற்றி எடுப்பது, முழங்கைக் கறையைத் தொடாமல் விடுவது. கையெழுத்து இருந்தால் அதுவும் வேண்டாம்.

விற்கும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். 'சுத்தம் செய்தது' வேறு, 'பழுது பார்த்தது' வேறு, 'பாகம் மாற்றியது' வேறு. மூன்றையும் 'ஒரிஜினல் கண்டிஷன்' என்ற ஒரே பேச்சில் மூடிவிடுவதுதான் சந்தையில் நடக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கும் ஆசை இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய, வரலாறும் கைவினையும் சொல்லும் பொருள் தொல்பொருள் ஆகலாம், அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1920களின் கோப்பைகள் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன.

ஏற்காட்டில் வாங்கியதைச் சேலத்துக்கு இறக்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் காற்று முழுக்க மாறிவிடும். மழை மாதத்தில் மேலே ஈரம் குடித்த மரமும் காகிதமும் கீழே வெயிலில் சடாரென்று காய்ந்தால் வெடிக்கும், சுருளும். பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் குளிர்ந்த அறையில் இரண்டு நாள் பெட்டியைத் திறக்காமல் வையுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் மூடியை லேசாகத் திறந்து வைக்கலாம். வெள்ளியைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போடுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளி மூன்றும் கந்தகம் விடும்.

செய்ததை எழுதிப் பொருளோடு வைத்துவிடுங்கள். ஒட்ட வேண்டாம், பென்சிலில் எழுதி ஒரு கவரில் போட்டால் போதும். இவ்வளவு எழுதினால் சரி:

"வெள்ளிக் கோப்பை, உயரம் 21 செ.மீ. சுத்தம் செய்யும் முன் எடை 386.4 கிராம், பின் 386.3. பூந்திக்கொட்டைத் தண்ணீர், கால்சியம் கார்பனேட், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எழுத்துக் குழியில் கறுப்பு எடுக்கவில்லை. வலது கைப்பிடி அடியில் பழைய ஈயப் பற்று உள்ளது, நெருப்புக் காட்டக்கூடாது. விளிம்பு நசுங்கல் அப்படியே விடப்பட்டது. முன் படம் 6, பின் படம் 6."